ஒரு ‘ஹார்ட்லி’

கிரிவலப் பாதையோரம் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டு அம்மா படுத்த படுக்கையானார். “நம்ம அம்மா மாதிரி பாத்துக்கறோம்னு அவங்க பொண்ணுக்கு எழுதிப் போடுங்க,” என்றாள் என் மனைவி. ‘ஹார்டு’ என்றால் கடுமையாக, ‘லி’ சேர்த்தால் இன்னும் கடுமையாக என்று நினைத்து, “வி வில் ஹார்ட்லி டேக் கேர்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மறுநாளே ஆம்புலன்ஸ் வந்தது. சென்னையில் ஏதோ முதியோர் இல்லமாம். அந்த அம்மா என் மனைவியின் கையை விடவேயில்லை. “ஏதாவது சொல்லி நிறுத்துங்களேன்,” என்று இவள் அழுதாள். என்ன சொல்லி நிறுத்துவது? பெற்ற மகள் கேட்டு வந்த வண்டி.

அது போன பிறகு மகளின் செய்தி வந்தது: ‘உங்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்று நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி.’

‘வில்’லோடு ‘ஹார்ட்லி’ சேர்ந்தால் ‘மாட்டோம்’ என்றே ஆகிவிடுமாம். திருத்தி எழுத போனை எடுத்தேன். எந்த வார்த்தையை நம்பி எழுதுவது?