கண்டல் பூங்காவுக்கு மச்சான் பெயர்

அன்று மேடையில் இருந்தவர்கள்: மேயர், வார்டு கவுன்சிலர், வனத்துறையிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி, கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், எங்கள் பள்ளிவாசல் கமிட்டியின் பிரசிடெண்ட். கீழே முதல் வரிசையில் அக்கா, அக்காவின் மகள், கமிட்டி செக்ரட்டரி. அவர்களுக்குப் பின்னால் பச்சைத் தொப்பி மாட்டிவிடப்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடைசி நாற்காலியில் நான், கொச்சி சுள்ளிக்கல்லில் மிக்ஸி ரிப்பேர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தவன். மேயர் துணியை இழுத்ததும் பலகையில் மச்சானின் முழுப் பெயர் தெரிந்தது, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். பக்கத்தில் ஒரு மீன்கொத்தியின் படம். அதன் கீழே ‘பறவைகளின் தோழர்’ என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் சும்மா உட்கார்ந்திருப்பதை யாராவது கவனித்துவிடுவார்களோ என்று பயந்து நானும் தட்டினேன்.

மச்சான், அதாவது என் அக்காவின் கணவர், எந்தப் பறவைக்கும் தோழராக இருந்தவர் இல்லை. கொக்கும் நாரையும் அவருக்கு ஒன்றுதான். பஜார் ரோட்டில் கிடங்கு கிடங்காக ஏறி இறங்கிச் சாக்குக்குத் தரகு பார்த்தவர். வேலை முடிந்து வந்து பார்க்கும்போது ஸ்கூட்டர் சீட்டில் எச்சம் இருக்கும். “இதுங்களுக்கு மட்டாஞ்சேரி முழுக்க வேற எடமே கெடைக்கலயா?” என்று மரத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்பார், ஏதோ கடன்காரனிடம் பேசுவதுபோல. அவர் கவலை தண்ணீர் பற்றியது. அக்கா வீடு காயலை ஒட்டிய சந்தில். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் காயல் ஏறும் வேலியேற்றத்தில் சாக்கடை வழியாக உப்புத் தண்ணீர் திரும்பி வந்து சமையலறையில் நிற்கும். வடிந்த பிறகு சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதற்கெல்லாம் அந்தச் சந்து பழகிப்போயிருந்தது. ஆனால் சந்தின் கடைசியில், காயலோரத்துக் கண்டல் மரங்களுக்கு நடுவே, இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் லாரிகள் கொட்டத் தொடங்கிய பிறகு தண்ணீர் கட்டில் கால் வரைக்கும் வந்தது. “காயலுக்கும் உட்கார ஒரு எடம் வேணும்ல, தம்பி. நாம அதோட நாற்காலிய எடுத்துட்டோம். அது நம்ம கட்டில்ல வந்து உட்காருது” என்றார் மச்சான். அவர் இயற்கையைப் பற்றிப் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்த மண்ணைக் கொட்டியது யாரோ வெளியாட்கள் இல்லை. பள்ளிவாசல் கமிட்டிதான் கொட்டியது. ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குக் குறைந்த வாடகையில் ஒரு மண்டபம் கட்டத் திட்டம். அதைக் கெட்ட எண்ணம் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எனக்கும் இரண்டு பெண்கள். போர்ட் கொச்சியில் மண்டப வாடகை கேட்டுவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பேப்பரில் கையெழுத்துப் போடுவது, கோர்ட்டு, போலீஸ், நாலு பேர் சேர்ந்து நிற்கும் இடம் எல்லாமே எனக்குப் பயம். அதனால் மச்சான் டிப்பர் லாரிக்கு முன்னால் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிரில் இருந்த கடையில் சாயா குடிக்கப் போய்விட்டார் என்று கேட்டபோது, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். “மச்சான், வேண்டாம் மச்சான். ஊரோட பகை.” அவர் கிளாஸை ஆற்றிக்கொண்டே, “நீ ஒரு சாயா குடி. ஒனக்கும் சேத்து நான் பயந்துட்டு வர்றேன்” என்றார். டிரைவர் பையன் ஹாரன் அடித்து அடித்துக் களைத்து, கடைசியில் அவனும் வந்து எங்களோடு உட்கார்ந்து சாயா குடித்தான்.

மச்சான் கேஸ் போட்டார். கோர்ட்டு தடை கொடுத்தது. மண்டபம் நின்றுபோனது. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து கமிட்டி அவரிடம் மாசவரி வாங்குவதை நிறுத்தியது.

இது வெளியே இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படி இல்லை. பள்ளிவாசலுக்கு ஒவ்வொரு வீடும் மாதம் ஐம்பது ரூபாய் கட்ட வேண்டும். முக்ரி, அதாவது பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர், தோளில் பையோடு வீடு வீடாக வந்து வாங்கிப்போவார். அந்தப் பணத்தால் யாரும் மாளிகை கட்டிவிட முடியாது. ஆனால் வரி கட்டும் வீடுதான் ஊரில் உள்ள வீடு. கல்யாணத்துக்குக் கடிதம், மவுத்தானால் அடக்கக் குழி, எல்லாம் அதை வைத்துத்தான். மச்சான் ஐம்பது ரூபாய் நோட்டை நாலாக மடித்து வாசலில் நிற்பார். முக்ரி சந்தின் அந்தப் பக்கத்துக்கு மாறி நடப்பார். “கோவிச்சுக்காதீங்க. கமிட்டி சொல்லியிருக்கு, நான் என்ன செய்ய?” என்று தரையைப் பார்த்துச் சொல்லுவார். ஆபீசுக்கே போய் மேசைமேல் வைத்தார். செக்ரட்டரி ஒற்றை விரலால் நோட்டைத் திரும்பத் தள்ளினார். “மொதல்ல கேஸ வாபஸ் வாங்குங்க. பின்னே வரி வாங்கிக்கலாம்.”

மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், எல்லோரும் செருப்புத் தேடும் நேரத்தில், வாசலில் இருக்கும் உண்டியலில் அந்த ஐம்பது ரூபாயைப் போட்டுவிடுவார். ஒரு மாதமும் விட்டதில்லை. காய்ச்சலோடு வந்துகூடப் போட்டார். எனக்கு அதிலும் பயம். “ரசீது இல்லயே மச்சான், நாளைக்குக் கேட்டா?” என்றேன். “அல்லாகிட்ட ரசீது கேப்பியாடா? நேராக் குடுத்துட்டேன், தரகு மிச்சம்” என்று சொல்லிச் சிரித்தார். தரகு வாங்கியே பிழைத்த மனிதர். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது. உண்டியலைத் திறந்து எண்ணி பேங்க்கில் போட்டவர்களுக்கு அவர் பணம் அதில் இருப்பது தெரியாதா? போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்தானே அவர்கள்.

அவர் மவுத்தானது மழைக்காலத்தில், நெஞ்சுவலியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. மய்யித்தை நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். பிரசிடெண்ட் உள்ளே வராமல் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். “பாக்கி தீக்காத வீட்டுக்குக் குழி வெட்டினா நாளைக்கு எல்லாரும் அதையே சொல்வாங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?” குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. உள்ளே அழுதுகொண்டிருந்த அக்கா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “தம்பி, கைய எடு. அவர் கட்டின பணத்த நீ இன்னொரு தடவ கட்டினா, அவர் கட்டலன்னு ஆயிடும்.” பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் உஸ்தாத் அந்தச் சமயத்தில் வந்தார், அவர்தான் காப்பாற்றினார். “மய்யித்தக் காக்க வைக்கக் கூடாது. குழிய வெட்டச் சொல்லுங்க. கணக்கு உயிரோட இருக்கறவங்களுக்குள்ள” என்றார். குழி வெட்டினார்கள். கபர் வரைக்கும் நடந்தவர்கள் உஸ்தாத், நான், பஜார் ரோட்டுச் சுமைக்காரர்கள் சிலர், அந்தச் சாயாக்கடைக்காரர். சந்தில் இருந்த மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவர்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்றுதான் மச்சான் அத்தனை அலைந்தார். அதிகநாள் கழியாமல் உஸ்தாத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

பிறகு ஒரு வருஷம் காயல் பொங்கியது. பள்ளுருத்திப் பக்கம் ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தார்கள். எங்கள் சந்தில் தண்ணீர் வாசற்படியோடு நின்றது. கண்டல் மரங்கள்தான் காரணம் என்று பேப்பரில் வந்தது. அதற்கு அப்புறம் எல்லோருக்கும் மரம் தெரிய ஆரம்பித்தது. கார்ப்பரேஷன் அந்த இடத்தில் மரப்பாலம் போட்டு, பெஞ்சு வைத்து, டிக்கெட் கவுண்டர் கட்டி, ‘காயலோரப் பூங்கா’ என்று பெயர் வைத்தது. கொஞ்ச நாளில் அந்தப் பெயர் போதாது, போராடிய ஆளின் பெயரை வைக்க வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார், கவுன்சிலர் ஒத்துக்கொண்டார். குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பிரசிடெண்ட். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். சாயாவும் குடித்தார்.

அந்த நேரம் அக்கா மகளுக்குப் பாலக்காட்டில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். பெண்ணின் ஊர்ப் பள்ளிவாசல் கடிதம் கொடுக்க வேண்டும். பாக்கி உள்ள வீட்டுக்குக் கடிதம் இல்லை என்று செக்ரட்டரி சொல்லியிருந்தார். பூங்காவையும் பெயரையும் நான் மெல்ல ஞாபகப்படுத்தியபோது, “எடா, அது கார்ப்பரேஷன் காரியம், இது பள்ளி காரியம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதே” என்றார். ஆகவே அக்கா தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிரசிடெண்டிடம் நேராகக் கேட்டாள்: “பேரு வைக்க நான் கையெழுத்துப் போடறேன். அவர் பேர்ல பாக்கி இல்லன்னு நீங்க ஒரு வரி எழுதித் தாங்க.” அவர் சிரித்தார். “அதுக்கென்னம்மா, நம்ம வீட்டுக் காரியம்தானே. விழா கழியட்டும்.” முதலில் அவர் எழுதட்டும் என்று நான் கண்ணைக் காட்டினேன். அக்கா பார்த்தாள், பார்த்தும் கையெழுத்துப் போட்டாள். அவர் போன பிறகு, “மேடையில வச்சு அவரே சொல்லுவார் பாரு. இவ்வளவு ஜனத்துக்கு முன்னால சொல்லாம இருக்க முடியுமா?” என்றாள். அவள் கேட்டது அந்த ஒரு வரியைத்தான். பலகை வேண்டும் என்று அவள் கேட்டதே இல்லை.

மேடையில் பிரசிடெண்ட் நன்றாகப் பேசினார். “நம்ம மகல்லின் மாணிக்கம்” என்றார், பள்ளிவாசலுக்கு உட்பட்ட எங்கள் ஊரைச் சொல்லி. “ஊர் அவருக்குத் தோள் கொடுத்து நின்றது” என்றார். அந்த இடத்தில் பச்சைத் தொப்பிப் பிள்ளைகள் கைதட்டினார்கள், யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அக்கா முழங்காலில் கைகளை வைத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அடுத்தது அதுதான் என்று அவள் காத்திருந்தது பின்னாலிருந்த எனக்கே தெரிந்தது. அந்த வரி வரவில்லை. பொன்னாடை வந்தது.

கூட்டம் கலைந்ததும் அக்கா பொன்னாடையோடு அவரிடம் போனாள். நான் பின்னால் நின்றேன். பிரசிடெண்ட் குரலைத் தாழ்த்தி, பெரிய உபகாரம் சொல்வதுபோலச் சொன்னார்: “கமிட்டி கூடிப் பேசினோம். அவர் பெருமைய நெனச்சுப் பாதி தள்ளித் தர்றோம். பாதி கட்டினா நாளைக்கே கடிதம்.” எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். அக்கா பொன்னாடையை மடித்து அவர் கையில் வைத்தாள். “பாதி வேண்டாம். முழுசும் அப்படியே பாக்கியா இருக்கட்டும்” என்றாள்.

அக்கா மகளின் நிக்காஹ் பாலக்காட்டில் நடந்தது, மாப்பிள்ளை வீட்டு ஊரில், வாடகை மண்டபத்தில். மாற்றலாகிப் போன உஸ்தாத் போனில் பேசிக் கொடுத்த வாக்கை வைத்து அந்த ஊர்க்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். சொந்த ஊரில், சொந்தப் பள்ளிவாசலில் நடக்க வேண்டியது. எங்கள் சந்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அழைக்காமலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குப் பஸ்ஸில் பிள்ளைகள் வருகிறார்கள். பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுக்கிறார்கள். முக்ரி இப்போது சந்தின் அந்தப் பக்கம் மாறி நடப்பதில்லை. மாதாமாதம் அக்கா வீட்டு வாசலில் நின்று, மச்சானின் பெயரைச் சொல்லி, ஐம்பது ஐம்பதாக இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் மொத்தப் பாக்கியையும் சொல்கிறார். அக்கா உள்ளிருந்தே கேட்டுக்கொள்கிறாள். இந்த மாதம் அவர் சொன்னது ஆறாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.