காஸ்வே ஜாம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நான் சூப்பர்வைசராக இருக்கும் காய்கறிக் கடைக்கு ரவி தினமும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து காஸ்வே பாலத்தைக் கடந்து வருவான். தாமதமாகத்தான் வருவான். கேட்டால், "காஸ்வேல ஜாம்ண்ணே" என்பான். பொய்யன் என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். வேலையைவிட்டுத் தூக்கவும் முடிவெடுத்தேன்.

லீவு போட்ட ஒரு காலையில், ஜொகூரிலிருக்கும் அக்காவை அங்குள்ள கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே ரவி, நர்ஸ் கொடுத்த மெத்தடோனைக் குடித்துவிட்டு, விழுங்கியதைக் காட்ட வாயைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனான்.

"ஹெராயின் ஊசிய விட்டு ரெண்டு வருஷமாச்சுண்ணே. தினமும் காலையில கிளினிக் திறந்ததும் வந்து இதக் குடிச்சாதான் அந்த வெறி வராது. கூட ஊசி போட்டவங்களுக்கு எச்ஐவி வந்துருச்சு. டெஸ்ட் எடுத்தேன், எனக்கு இல்ல."

மறுநாளே அவன் ஷிஃப்டைக் காலை பத்து மணிக்கு மாற்றினேன்.

"அவனுக்கு மட்டும் ஏன்?" என்றார் முதலாளி.

"காஸ்வேல ஜாம் லா, பாஸ்."

நான் திட்டித் தீர்த்த அதே பொய். சொல்லும்போது வாய் கூசவே இல்லை.