படையலில் வைத்த டர்போ

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. டீசல் வண்டி பார்க்கிற தொழிலில் பாதி வேலை காதுக்குத்தான், கைக்கு அப்புறம்தான். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருவாரூருக்கு வெளியே மெயின் ரோட்டில் பட்டறை போட்டு நாற்பது வருஷம் ஆகிறது. வளைவில் திரும்புகிற வண்டி யாருடையது என்று தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவேன். ஆனால் காது கேட்டதை வாய் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும், அதைத்தான் இப்போ சொல்லப் போகிறேன். சொந்த வண்டி வைத்து அல்லாடுகிறவர்களுக்கும், அடுத்தவர் வண்டியில் கை வைத்துத் திட்டு வாங்குகிறவர்களுக்கும் இது புரியும். சத்தமாகச் சொல்ல மாட்டேன். இதில் வருகிற மல்லிகா தினமும் இந்த ரோட்டில்தான் போகிறாள். அவளிடம் இன்னும் நான் முழுசாகச் சொல்லவில்லை.

சோப்பு அடைத்த டேங்க்

கலியபெருமாள் மல்லிகாவின் புருஷன். எங்களுக்குக் கலியன். டர்போ எல்லாம் வராத காலத்து டீசல் பிக்கப் ஒன்று வைத்திருந்தான். இங்கே அறுப்பு முடிந்ததும் வயலில் உருட்டிக் கட்டுகிற வைக்கோலை ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை மலையைத் தாண்டிக் கேரளாவில் மாட்டுப் பண்ணைகளில் இறக்கிவிட்டு வருவான். அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த ஒரு வண்டிதான். நிலம் கிடையாது.

ஆள் மகா மூளைக்காரன். ஒரு தடவை மலைக்கு அந்தப் பக்கம் கல் அடித்து டீசல் டேங்க் ஓட்டையாகிவிட்டது. பெட்டிக்கடையில் துணி சோப்பு வாங்கி, பிசைந்து, ஓட்டையில் அப்பிக்கொண்டு திருவாரூர் வரைக்கும் ஓட்டி வந்துவிட்டான். நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் சோப்பில் அவன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருப்பாய் என்று திட்டினேன். டீயை ஊதிக்கொண்டே சொன்னான்:

"உங்களுக்கு போன் பண்ணா வண்டிய நிறுத்துன்னு சொல்லுவீங்கண்ணே. சோப்பு அப்படியெல்லாம் சொல்லாது."

சீட்டில் உட்கார்ந்து வந்தது

நம்ம ஊர்ச் சமதரையில் அந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. மலையில் பாரத்தோடு ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். புது வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகும், இவன் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருப்பான். விடியலுக்குள் வரவேண்டிய லோடு மத்தியானம் வந்தால் எப்படி என்று வைக்கோல் வியாபாரி கேட்டுவிட்டார். அடுத்த அறுப்புக்குப் புது வண்டிகளுக்குத்தான் லோடு என்றும் சொல்லிவிட்டார். அந்தக் கவலையில்தான் கலியனுக்கு டர்போ ஆசை வந்தது. டர்போ என்பது வேறொன்றும் இல்லை. இன்ஜின் விடுகிற புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அந்தச் சுற்றில் இன்னொரு சக்கரம் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும். பார்க்க இரும்பு நத்தை மாதிரி இருக்கும்.

ஒரு நாள் முன் சீட்டில் ஒரு மூட்டையை உட்கார வைத்து பெல்ட்டும் போட்டுக்கொண்டு வந்தான். தஞ்சாவூர் யூசுப் பாய் காயலான் கடையில் பிடித்ததாம். வெள்ளத்தில் முங்கிப் போன அறுவடை மெஷினில் இருந்து கழற்றியது. மூட்டை கட்டியிருந்த கைலியை அவிழ்த்ததும் எனக்குத் திக்கென்றது. அவ்வளவு பெரியது. விரலால் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டேன், பேரிங் சுத்தம். ஆனால் இவன் இன்ஜின் விடுகிற புகைக்கு இது சுற்றத் தொடங்குவதற்குள் மலையே முடிந்துவிடும் என்றேன். பொருள் நல்லது, உன் வண்டிக்கு ஆகாது, இதில் பாதி அளவுகூட வேண்டாம் என்றேன். வார்த்தை தடித்தது. பக்கத்துக் கொட்டகை வெல்டர் தாஸ் வந்து விலக்கிவிடுகிற அளவுக்குப் போயிற்று. கலியன் மூட்டையைக் கட்டித் திரும்ப சீட்டில் வைத்தான். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது இது:

"நானே மாட்டிக்கிட்டு மலை மேல நின்னு போன் பண்றேன். இன்ஜின் கிட்ட போனைப் புடிக்கிறேன், கேட்டுக்குங்க."

படையல்

பத்து நாள்கூட ஆகியிருக்காது. காலையில் வயலில் லோடு ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சு என்னமோ பண்ணுது என்று வரப்பில் உட்கார்ந்தான். ஆம்புலன்ஸ் வயல் பாதையில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கயிற்றில் ஒரு முடிச்சுதான் பாக்கி என்றார்கள்.

கருமாதிக்குப் போனேன். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படையலில் வைப்பது நமக்குப் பழக்கம்தானே. இலையில் வறுத்த மீன், வடை, பீடிக்கட்டு. அதுக்கு நடுவில் அந்த டர்போ. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு கதம்ப மாலையும் சுற்றியிருந்தார்கள். ஆசைப்பட்டதைச் செய்யாமல் விட்டால் ஆத்மா வாசலைத் தாண்டாது என்று ஒரு பெரியம்மா பேசிக்கொண்டிருந்தது. பந்திக்கு இலை போடும்போது மல்லிகா என்னிடம் வந்தாள். இவ்வளவு பெரிய டர்போ ஆகாதும்மா, அவனிடமே சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றி அத்தனை சனம். அவன் போட்டோ வேறு என்னையே பார்க்கிறது. எழவு வீட்டில் போய், உன் புருஷன் கணக்குத் தப்பு என்று எந்த வாயால் சொல்வது? அவள் அழக்கூட இல்லை. நிதானமாகச் சொன்னாள்:

"கட்டிலுக்கு அடியில வச்சுக்கிட்டு தினம் எண்ணெய் போட்டுத் துடைப்பாருண்ணே. கடைசியா ஆசைப்பட்டது இதுக்குத்தான். மாட்டிக் குடுங்க, வண்டிய நான் ஓட்டிக்கிறேன்."

தாஸ் கேட்ட கேள்வி

கலியன் முன்னாடியே அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தான். அதனால் ஓட்டுவதில் பயமில்லை. மாட்டுவதில்தான் எனக்குப் பயம். இன்ஜின் ஓட்டையும் டர்போ ஓட்டையும் சேரவில்லை. இரும்புத் தகடு வெட்டி நடுவில் வைத்து தாஸ் வெல்டு அடித்தான். ஆயில் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். ஆயில் சட்டியைக் கழற்றி அதிலும் ஓட்டை போட்டோம். எல்லாம் முடித்தால் பானெட் மூடவில்லை. அதையும் வெட்டினோம்.

காற்று கூடும் என்று நம்பி டீசலையும் கூட்டி வைத்தேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். காற்று வராமல் டீசல் மட்டும் கூடினால் இன்ஜின் வெந்து போகும், அது எனக்குத் தெரியாததா? தெரியும். மல்லிகா வேலை நடக்கிற நாளெல்லாம் சாயங்காலம் வந்து, பழைய டயர் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவாள். அந்தப் பார்வைக்கு எதிரில் எனக்குத் தெரிந்தது எல்லாம் தெரியாததாகிவிட்டது. பானெட்டை வெட்டி முடித்த தாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டான்:

"ஏண்ணே, வண்டிக்கு இதை மாட்டுறோமா, இதுக்கு வண்டிய மாட்டுறோமா?"

விசில்

வெள்ளோட்டம் பார்க்கக் கொரடாச்சேரி ரோட்டில் போனோம். மல்லிகா ஓட்டினாள், நான் பக்கத்தில். வண்டியில் பாரம் இல்லை. ஒரு மாற்றமும் தெரியவில்லை, பின்னால் கறுப்பாகப் புகைதான். வயலில் நின்ற கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. நாலாவது கியரில் வேகம் ஏறினதுக்கு அப்புறம்தான் பானெட்டில் வெட்டின ஓட்டை வழியாக விசில் சத்தம் கிளம்பியது. வண்டி பின்னால் இருந்து தள்ளி விட்ட மாதிரி பாய்ந்தது.

என் காது சொல்லிவிட்டது, இந்த விசில் ரொம்ப லேட்டு என்று. மலையில் முதல், ரெண்டாவது கியரில் ஏறுகிற வண்டிக்கு இது வரவே வராது. சொல்லலாம் என்று திரும்பினேன். புருஷன் போனதில் இருந்து முதல் தடவையாக அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களாண்ணே? தெருமுனை திரும்பறப்ப அவரு அடிக்கிற விசில் மாதிரியே இருக்கு."

போனில் கேட்டது

வியாபாரியிடம் போய் நின்று ஒரே ஒரு லோடு வாங்கினாள். நேரத்துக்குக் கொண்டு போனால் இந்த சம்பா அறுப்பு முழுக்க லோடு தருகிறேன் என்றார். அன்று ராத்திரி பதினோரு மணி இருக்கும், போன் வந்தது. மலையில் பாதி வளைவுகூடத் தாண்டவில்லை. விசில் வரவே இல்லை, புகைதான் வருகிறது, இழுக்கவும் இல்லை, சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விட்டது என்றாள். போனை இன்ஜின் கிட்டப் பிடிம்மா என்றேன். சொன்ன பிறகுதான் கலியன் சொன்னது ஞாபகம் வந்தது. உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீருக்கும் நெருப்புக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட் போய்விட்டது.

மழை வேறு பிடித்துக்கொண்டது. ரெண்டு நாள் அந்த வளைவிலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தாள். வைக்கோல் முழுக்க நனைந்து, பண்ணைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். லாரியில் கட்டி இழுத்து வந்து பட்டறை வாசலில் விட்டபோது, என் தப்பும்மா என்று சொல்லத்தான் எழுந்தேன். அதுக்குள் அவள் முந்திக்கொண்டாள்:

"அவரு ஓட்டியிருந்தா ஏறியிருக்கும்ணே. எனக்குத்தான் ஓட்டத் தெரியல."

வாங்க வந்தவர்

இன்ஜினைப் பிரித்தேன். இன்ஜின் மேல்மூடியான ஹெட் வளைந்து, பிஸ்டன் உருகிப் போயிருந்தது. என் கூலியை விட்டுவிடலாம், சாமானுக்கு எங்கே போவது? வண்டியை விற்க வேண்டியதாகிவிட்டது. டர்போவை மட்டும் கழற்றித் தாங்கண்ணே என்றாள். கழற்றிக் கொடுத்தேன். அது இப்போ அவள் வீட்டில் கலியன் போட்டோவுக்குக் கீழே இருக்கிறது. அவள் ஒரு பால் கம்பெனிக்காரருக்குக் கூலிக்கு வண்டி ஓட்டுகிறாள். காலையில் பட்டறையைத் தாண்டும்போது எனக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவாள்.

வண்டியை வாங்க வந்தவர் அடியில் குனிந்து பார்த்தார், வெட்டின பானெட்டைத் தடவிப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. மல்லிகாவிடம் ஆறுதலாகச் சொன்னார்:

"வண்டி நல்ல வண்டிம்மா. யாரோ வேலை தெரியாதவன் கை வச்சிருக்கான்."

பாய் கடைப் பரண்

போன மாசம் ஒரு பம்பு தேடி தஞ்சாவூர் யூசுப் பாய் கடைக்குப் போனேன். கலியபெருமாள் எங்கே, ஆளையே காணோம், அவர் பொருள் பரணில் தூங்குகிறதே என்றார் பாய். அவருக்குச் சேதியே எட்டவில்லை. நான் சொன்னதும் ஏணி போட்டு ஏறி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சின்ன டர்போ. ரெண்டு கைக்குள் அடங்குகிறது. அந்த வண்டிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. அதன் வயிற்றுப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் பிக்கப் நம்பர், கலியன் கையெழுத்து.

சாவதற்கு முந்தின நாள் வந்தானாம். இன்ஜினில் புகை வெளியே வருகிற வாயை அட்டையில் வெட்டி அளவெடுத்துக்கொண்டு வந்து, குவியலில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, இதைப் பொறுக்கி எடுத்தானாம். ஆகாவிட்டால் துரு இல்லாமல் திருப்பிக் கொண்டு வா, மாற்றித் தருகிறேன் என்று பாய் முதலிலேயே சொல்லியிருக்கிறார். அதுக்காகத்தான் அந்தப் பெரிய டர்போவைத் தினம் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறான். நாளைக்கு ஒரு லோடு இருக்கிறது, இறக்கிவிட்டு வந்து மாற்றிக்கொள்கிறேன், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று பெயின்ட்டு கேட்டு வாங்கி நம்பரை எழுதினானாம். மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன், நான் வேண்டுமானால் போன் போடட்டுமா என்று பாய் போனை எடுத்தாராம். கலியன் அவர் கையைப் பிடித்து அமுக்கிவிட்டுச் சொன்னது இது:

"அண்ணன் சொன்னதுதான் சரி பாய். ஆனா அவருகிட்ட சொல்லிடாதீங்க, தீபாவளி வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவாரு."

நாற்பது வருஷத்தில் என் பேச்சைக் கேட்ட வாடிக்கைக்காரன் ஒரே ஒருத்தன்தான் கிடைத்தான், அந்தப் பேச்சைக் கேட்காமல் போனவன் நானாகிவிட்டேன்.