ஏழாம் கேள்வியின் ஐந்தாம் வரி

எங்கள் ஆபீஸில் அவளைச் 'சாய்கோட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். இணையவழிப் பாடங்களில் வரும் கணக்குகளைத் தட்டச்சு செய்பவள். அதற்கான எடிட்டர் மென்பொருளில் ஒரு கணக்கு அடுத்த வரிக்குப் போக வேண்டுமானால், வரியின் முடிவில் இரண்டு சாய்கோடு போட வேண்டும். போட்டுப் போட்டு அந்த விசை மட்டும் வழுவழுவென்று ஆகிவிட்டது.

இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் இருந்தவள். அதை மூடியபின் இரண்டு வருடம் வேலையில்லாமல் கிடந்து, இங்கே சேர்ந்து பத்து மாதம்தான். வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்தி. அச்சக வழக்கம் ஒன்றை மட்டும் இங்கேயும் விடவில்லை. வினாத்தாளை அடித்துச் சரிபார்த்ததும், பேராசிரியரின் கையெழுத்துப் பிரதியைச் சுக்குநூறாகக் கிழித்துவிடுவாள். வினா வெளியே கசியக் கூடாதாம். ஆனால் கணக்கு வராது. "நான் பாத்து அடிக்கிறவ. படிச்சு அடிச்சா விரல் நின்னுடும்" என்பாள்.

பக்கத்து மேஜை என்னுடையது. பாட வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் வேலை. கைவேலை குறைவு, வாய் நீளம். அக்காவின் திரையோரம் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும்: 'கணக்குப் பக்கத்தை அழகுத் தோற்றத்தில் திறந்து சேமிக்காதே.' குறிகள் மறைந்து, மாணவர்கள் பார்ப்பதுபோல் பக்கம் தெரிவதுதான் அழகுத் தோற்றம்; அதில் சேமித்தால் எடிட்டர் இரண்டு சாய்கோட்டையும் தின்றுவிடும். வரிகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், அன்று காலை, பிற்பகல் தேர்வுத்தாளின் ஏழாம் கேள்வியில் ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டதென்று, அழகுத் தோற்றத்திலேயே திறந்து, திருத்தி, சேமித்தேன். பெரிய மேதாவி என்று நினைப்பு.

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா "ஐயோ" என்றாள். தேர்வு இரண்டு மணிக்கு. 'கீழ்க்கண்ட படிகளில் எந்த வரியில் தவறு உள்ளது?' என்பது கேள்வி. கீழே வரிகளே இல்லை. எல்லாம் ஒரே நீளமாகக் கிடந்தது.

நான்தான் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் திட்டவில்லை. குப்பைக்கூடையைப் பார்த்தாள். அது காலையிலேயே காலி.

சமக்குறி வரும் இடங்களில் எல்லாம் வரியை உடைத்தாள். ஆனால் பேராசிரியர் சில சமயம் நீளமான வரியை இரண்டாக மடித்து எழுதுவார். இதில் மூன்றாவது வரி நீளம். அதை மடித்திருந்தாரா? மடித்திருந்தால் கீழே உள்ளதெல்லாம் ஒன்று தள்ளிப்போகும். முன்னூறு பேருக்குச் சரியான விடை தப்பாகிவிடும்.

அவருக்குப் போன் போடுவதைத் தவிர வழியில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இடி'. அக்காவுக்கு முன் இருந்தவரை ஒரே ஒரு கழித்தல் குறி விட்டுப்போனதற்காக வீட்டுக்கு அனுப்பியவர். அக்கா போனை என்னிடம் நீட்டினாள்; எண்ணை நான்தான் அழுத்தி அவளிடம் கொடுத்தேன், அவர் குரல் எனக்கும் கேட்டது.

"சார், ஏழாவது கேள்வியில வரியெல்லாம் ஒட்டிக்கிச்சு சார்" என்றாள் அக்கா.

"என் தாளப் பாத்துப் போடுங்க."

"கிழிச்சுட்டேன் சார்."

"யார் அதத் தொட்டது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான்தான் சார்" என்றாள் அவள்.

"நான் ரயில்ல இருக்கேன். நகல் கிடையாது. தப்பு அஞ்சாவது வரியில, அது மட்டும் ஞாபகம் இருக்கு. அது அஞ்சுல வரலேன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

அவர் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். "எது தப்புன்னு தெரிஞ்சாத்தானே அத அஞ்சுல வெக்க முடியும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, ஒரு தாளை இழுத்தாள். "எல்லா வரிக்கும் ஒரே விடைதானே வரணும்? எக்ஸ் இருக்கிற எடத்துல ஒண்ணு போட்டுப் பாப்போம்."

முதல் வரிக்குப் பதினைந்து வந்தது. இரண்டாவதுக்கும் பதினைந்து. மூன்றாவது நீள வரியைப் பயத்தில் மூன்று தடவை போட்டாள். பதினைந்து, பன்னிரண்டு, மறுபடி பதினைந்து. வியர்வை தாளில் சொட்டியது. நான்காவதுக்கு மைனஸ் ஒன்று.

"இங்கதான்!" அந்த வரியையும் மேல்வரியையும் குறி குறியாக ஒப்பிட்டாள்.

நான்காவதாக நிற்பது ஐந்தாவதாக வர வேண்டும். அப்படியென்றால் மேலே உள்ள நீள வரிதான் மடிந்திருக்கிறது. அதை மடித்தாள், இரண்டு சாய்கோடு போட்டாள், சேமித்தாள். மணி ஒன்றே முக்கால். இந்தத் தடவை அவளே எண்ணை அழுத்தினாள்.

"சார், அடைப்புக்குறிக்கு வெளிய இருக்கிற கழித்தல் உள்ள போகல. அதானே சார் தப்பு?"

ரயில் சத்தத்துக்கு மேல் அவர் குரல் வந்தது. "உங்களுக்குக் கணக்கு தெரியுமா?"

"தெரியாது சார். பயத்துல போட்டுப் பாத்தேன்."

"ம். அடுத்த வாரத் தாளக் கிழிக்காம வைங்க."

"அடுத்த வாரம்னுதானே சொன்னாரு?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். தண்ணீர் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தாள்.

"என் பேரச் சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"நீயா சொல்லுவேன்னு ஒரு நிமிஷம் பாத்தேன்" என்றாள்.