கண்ணாடியில் வைத்த பொட்டு

என் மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு பழைய ஸ்கேனர் கிடக்கிறது. துப்பாக்கி வடிவம், சாம்பல் நிறம், சுருண்டு போன ஒயர். பார்கோடைப் படிக்கும் அதன் முகப்புக் கண்ணாடியைச் சுற்றியுள்ள இடுக்கில் மெல்லிய சிவப்பு படிந்திருக்கும். பழைய சாமான்களைக் கழித்துக்கட்ட வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. "துருப்பிடிச்சுப் போச்சே, இதை வெச்சு என்ன மேடம் பண்ணப் போறீங்க?" என்று ஒருவர் கேட்டார். பிளாஸ்டிக் எந்த ஊரில் துருப்பிடிக்கும்? அது குங்குமம்.

வைத்தவள் எங்கள் பேக்கிங் அக்கா. நான் டிப்ளமோ முடித்துத் திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதலில் கிடைத்த சிநேகிதம் அவள்தான். அவளுக்குச் சானமாவுக் காட்டை ஒட்டிய கிராமம். அவளுடைய அப்பா, அம்மா எல்லாரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அவள் கம்பெனிக்குள் நுழைந்தது கூட்டிப் பெருக்கும் வேலைக்கு. பல வருஷம் துடைப்பம் பிடித்த பிறகே பேக்கிங்கில் ஒரு இடம் கிடைத்தது. வீட்டில் தெலுங்கு, ஃபோர்க்லிஃப்ட் டிரைவரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று நாக்கை மாற்றிக்கொண்டே இருப்பாள். என் தமிழ்தான் அவளுக்கு வேடிக்கை. நான் "வாங்க, உக்காருங்க" என்று இழுப்பதை அப்படியே இழுத்துக் காட்டிச் சிரிப்பாள். காலையில் தாமதமாக வந்தால் ஒரே காரணம்தான்: "ரோட்டுல ஆனை நிக்கிது பாப்பா. ஆனைக்கு ஷிஃப்ட்டு டைமு தெரியுமா?"

அதுவரை பெட்டிமேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். பெங்களூரு பக்கத்துப் பெரிய கம்பெனி ஒன்று, இனி பார்கோடு ஒட்டாத பெட்டியை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. கம்ப்யூட்டரும் லேபிள் பிரிண்டரும் இந்தத் துப்பாக்கியும் வந்தன. உதிரிபாகத்தின் எண்ணையும் எண்ணிக்கையையும் நான் தட்டுவேன். அது கறுப்புக் கோடுகளாக மாறி ஸ்டிக்கரில் வரும். அக்கா பெட்டியில் ஒட்டி, துப்பாக்கியைக் காட்டிப் படிக்க வைப்பாள். சரியாகப் படித்தால் 'பீப்' என்று ஒரு சத்தம். முதல் நாள் அவள் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க வைத்தாள். பிஸ்கட் பாக்கெட், தேங்காயெண்ணெய் டப்பா, என் அடையாள அட்டை. கடைசியில் தன் உள்ளங்கையை நீட்டினாள். சிவப்பு வெளிச்சம் கைமேல் ஓடியது, சத்தம் வரவில்லை. "இத்தினி கோடு போட்டிருக்கான் ஆண்டவன், ஒண்ணையும் படிக்க மாட்டேங்குதே" என்றாள். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்து எங்கள் வேலையை நேரில் பார்ப்பார், அவருக்குத் திருப்தி என்றால் அக்கா அந்த இடத்திலேயே நிரந்தரமாவாள், இல்லையென்றால் ஸ்கேனிங்கை வெளி ஏஜென்சிக்காரர்களிடம் கொடுத்துவிட்டு அவளைப் பழையபடி பெருக்கும் வேலைக்கு அனுப்பிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அக்கா தினமும் துப்பாக்கியைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே கையில் பிடிப்பாள். "மறுபடி தொடப்பத்தப் புடிக்க வெச்சிராத சாமி" என்று அதனிடமே முணுமுணுப்பாள். அவளை அந்தத் துடைப்பத்தோடு மறுபடி பார்க்க என்னால் முடிந்திருக்காது.

அதிகாரி வரும் நாள், ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாளாக அமைந்தது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுதான் எங்களுக்குத் தீபாவளி. ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்று, லேத்துக்கு மாலை, வாசலில் உடைத்த பூசணிக்காய், கை நிறையப் பொரிகடலை. மேனேஜர் ஊர்ப்பட்ட இயந்திரங்களுக்கு ஆரத்தி காட்டிக்கொண்டிருக்க, அக்கா குளித்த தலையோடு வந்து துப்பாக்கியை மட்டும் தனியாக ஒரு தட்டில் வைத்துப் பூச்சூட்டினாள். குழைத்த சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். மற்ற இயந்திரங்களுக்குக் கிடைத்தது ஒரு புள்ளி. இதற்கு ஒரு ரூபாய்க் காசு அகலம். "ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோமாக்கா?" என்று கேட்டேன். பதறிப்போனாள். "பூசைக்கு வெச்சத எடுத்தா ஆவாது பாப்பா. லீவு முடிஞ்சி வந்து எடுத்துக்கலாம்." அவள் சொன்னதில் தப்பில்லை. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை இங்கே யாரும் இடையில் தொடமாட்டார்கள்.

விடுமுறை முடிந்தது. அதிகாரி வந்தார். கன்னடக்காரர், நரைத்த மீசை, அதிகம் பேசாத ஆள். அக்கா வாடிய பூவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கண்ணில் ஒற்றி, பெட்டிக்கு நேரே பிடித்து விசையை அழுத்தினாள். ஓரத்தில் மங்கலாக வெளிச்சம் கசிந்தது, 'பீப்' வரவில்லை. கிட்டே பிடித்தாள், எட்டப் பிடித்தாள். வரவில்லை. நான் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஸ்டிக்கரில்தான் கோளாறோ என்று புதிதாக அடித்துக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விருந்தாளி முன்னால் வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டார். பூஜை போட்ட பொருள் என்பதால் அதன்மேல் சந்தேகப்பட எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. படித்த எனக்கே தோன்றவில்லை என்றால் அவளை என்ன சொல்வது?

அதிகாரிதான் கையை நீட்டித் துப்பாக்கியை வாங்கினார். திருப்பி முகப்பைப் பார்த்தார். படிக்கும் கண்ணாடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அடை போல ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் அக்காவைப் பார்த்தார். அவள் நெற்றியிலும் அதே குங்குமம். மேனேஜர் அவசரமாகத் துணியை நீட்டினார். அதிகாரி வாங்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மோதிர விரலால் கண்ணாடியைப் பதமாக வழித்தெடுத்தார். வழித்ததைத் தன் புருவ மத்தியில் வைத்துக்கொண்டார். மிச்சத்தைக் கைக்குட்டையால் துடைத்து, துப்பாக்கியை அக்காவிடம் நீட்டி, "பூஜே ஆயித்தல்லா, இன்னு கெலசா மாடலி" என்றார். பூஜைதான் ஆகிவிட்டதே, இனி வேலை செய்யட்டும் என்று அர்த்தம்.

'பீப்' என்றது. அக்கா அழுதுகொண்டே அடுத்த பெட்டிக்குப் போனாள், அதற்கடுத்த பெட்டிக்குப் போனாள், எல்லாம் பாடின. நான் அவளோடு சேர்ந்து அழுதேன் என்பதை ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த மாதமே அவள் நிரந்தரமானாள். அதன்பின் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் துப்பாக்கியின் முதுகில்தான் பொட்டு வைத்தாள். புதிதாக வரும் பெண்களிடம், "நெத்தியில வெச்சா அழகு, கண்ணுல வெச்சா குருடு, பாத்து வைங்கடி" என்பாள். தன்னையே கிண்டல் செய்துகொள்வதில் அவளுக்கு நிகர் கிடையாது.

இப்போது எங்கள் பிரிவில் யாரும் துப்பாக்கி பிடிப்பதில்லை. பெல்ட்டில் பெட்டி போகும்போதே மேலிருக்கும் கேமரா க்யூஆர் கோடைப் படித்துவிடுகிறது. வெளியே வந்தால் டீக்கடை, பூக்கடை, ராயக்கோட்டைத் தக்காளி விற்கும் தள்ளுவண்டி எல்லாவற்றிலும் கட்டம்போட்ட அட்டை தொங்குகிறது. அக்கா இருந்திருந்தால் அத்தனையையும் படிக்க வைத்துப் பார்த்திருப்பாள். ஓய்வு பெற்று ஊரில் இருந்தவள் போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் கம்பெனிச் சீருடையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷ ஆயுத பூஜையில் பெண்கள் கேமராவின் கம்பத்துக்குக் கவனமாகப் பொட்டு வைத்தார்கள். அக்கா சொன்னதை அவளைப் பார்க்காதவர்களும் சொல்லிக்கொண்டே வைத்தார்கள். எல்லாரும் பொரி வாங்கப் போன பிறகு நான் இழுப்பறையைத் திறந்து பழைய ஸ்கேனரை எடுத்தேன். சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தை அழுத்தி, அக்கா வைத்த அகலத்துக்கு, நேராக அந்தக் கண்ணாடியிலேயே வைத்தேன். இனி அது யாருக்காகவும் எதையும் படிக்க வேண்டியதில்லை.