யாருடைய குசினி

குசினி என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சொல்லின் மேல் ஒருத்திக்கு என்ன கோபம் என்று கேட்கிறவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்திருக்க வேண்டும்.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்குக் குசினி கிடையாது. ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு. அதை அடுப்படி என்போம். குசினி என்றால் துரை பங்களாவில் இருப்பது, அதற்கடுத்து, தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் வீட்டில் இருப்பது. கிளாக்கரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கள் ஊரில் எல்லா வீட்டுச் சமையலறைக்கும் அதுதான் பெயராம். 'என்ரை குசினி' என்று அவர் சொன்னால் கோயில் கருவறையைச் சொல்வது போலிருக்கும்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்குப் பக்கத்தில் இருந்தது நாங்கள் வேலை செய்த தோட்டம். அம்மா பகலில் கொழுந்தெடுத்துவிட்டு மாலையில் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததைப் பின்வாசல் கல்லில் கவிழ்த்து வைக்க வேண்டும். கிளாக்கரம்மா அதன் மேல் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்பார். அம்மா தொட்ட தீட்டு அப்படித்தான் போகுமாம். இதென்ன அநியாயம் என்று நான் கேட்டால், "சும்மா இருடி, உள்ள வேலையும் போயிரும்" என்பாள் அம்மா.

ஒரு நாள் நல்ல மழை. நானும் கூடப் போயிருந்தேன். கிளாக்கரம்மா முன்வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்பில் பால் பொங்கியது. அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள், மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. பால் வீணாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. சட்டென்று உள்ளே போய் முந்தானையால் பிடித்துப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். திரும்பினால் கிளாக்கரம்மா நிற்கிறார்.

"ஆர் உன்னை என்ரை குசினிக்குள்ளை வரச் சொன்னது?"

"பால் பொங்கிருச்சுங்கம்மா. கூப்புட்டேன், உங்களுக்குக் கேக்கல. அதான் எறக்கி வச்சேன்."

அவர் பாலை அப்படியே கொண்டுவந்து வாசலில் கழிவுநீர் ஓடும் கானில் ஊற்றினார். பாத்திரத்தை அம்மாவின் காலடியில் எறிந்தார். "இதையும் கொண்டு போ. இனி இந்தப் பக்கம் வராதை."

நனைந்துகொண்டே லயத்துக்கு வந்தோம். வேலை போனதற்காக அம்மா அழவில்லை. "நல்ல பாலுடி, கான்ல ஊத்திட்டாங்களே" என்றுதான் வழியெல்லாம் அழுதாள். என்றைக்காவது அம்மா கை பட்ட பாலை அந்தம்மா குடிக்க வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

சில வருடங்களில் நுவரெலியாவில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் சமையலுக்குச் சேர்ந்தேன். ஆள் போதவில்லை என்றதும் அம்மாவையும் கூட்டிக்கொண்டேன். அங்கேயும் குசினிதான். ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்கு நடந்த சண்டை வேறு. பிரான்சுக்கார சிஸ்டருக்கு அது 'குயிஸின்'. சமைக்கிற இடமும் அதுதான், சமைக்கிற கைப்பக்குவமும் அதுதான். இத்தாலிக்காரர் 'குச்சீனா' என்று திருத்துவார். ஸ்பெயின்காரர் 'கொசீனா' என்று அடுப்பையே காட்டுவார், அவர்கள் ஊரில் அடுப்புக்கும் அந்தப் பெயர் உண்டாம். எல்லாம் லத்தீன் என்ற ஒரே தாய் பெற்றது என்று சொல்லிக்கொண்டே மூன்று பேரும் முட்டிக்கொள்வார்கள். போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்து போட்டதுதான் தமிழில் குசினியாம், சிங்களத்தில் குஸ்ஸியவாம்.

கப்பலில் வந்து இறங்கிய சொல்லை வைத்துக்கொண்டா கிளாக்கரம்மா எங்கம்மாவிடம் தீட்டுப் பார்த்தார்? எத்தனையோ தேசத்தில் அறை, அடுப்பு, கைப்பக்குவம் என்று வாழ்ந்த சொல், கிளாக்கர் வீட்டுக்கு வந்ததும் 'நீ வராதே' என்று ஆகிவிட்டது.

கடைசியில் அந்த நாளும் வந்தது. கிளாக்கரம்மா தன் மகளை எங்கள் விடுதியில் சேர்க்க வந்தார். விருந்தாளிக்கு ஏதாவது அனுப்பும்படி பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். அன்று பால் புடிங் செய்திருந்தேன். பால் காய்ச்சி இறக்கியது அம்மா. பெரிய துண்டாக வெட்டி அனுப்பினேன். சுத்தமாக வழித்த தட்டுதான் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டாராம். அதையும் அனுப்பினேன். பிறகு எப்படிச் செய்வது என்று கேட்க அவரே குசினி வாசலுக்கு வந்தார்.

"ஆர் இந்தப் புடிங் செய்தது? நல்ல ருசி."

அடுப்பிலிருந்து அம்மா பால் இறக்கிக்கொண்டிருந்தாள், அன்று போலவே முந்தானையால் பிடித்து.

"உள்ள வாங்கம்மா" என்றேன். "இந்தக் குசினிக்குள்ள யாரு வேணும்னாலும் வரலாம். நீங்க சாப்பிட்டது எங்கம்மா எறக்குன பாலு. எங்கள ஞாபகம் இருக்குங்களா?"

கிளாக்கரம்மாவின் கை தானாக வாய்க்குப் போனது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அம்மாதான் என்னை முறைத்துவிட்டு, "வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவர் வந்த வழியே திரும்பினார்.

மகளைக் கையோடு கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் இங்கிலீஷ் படிப்பு வேண்டுமே! சேர்த்துவிட்டுத்தான் போனார்.

"விடுடி, பாவம்" என்றாள் அம்மா. நான் விடவில்லை. மகளைப் பார்க்க அவர் வரும்போதெல்லாம் புடிங் அனுப்பினேன். அவர் தொட மாட்டார். அந்தப் பிள்ளை தன் பங்கைத் தின்றுவிட்டுத் தாயின் தட்டையும் இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை அதுவும் போதாமல் குசினிக்குள் ஓடிவந்து, எங்கம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் தாங்கோ" என்றது.

பின்னாலேயே வந்த கிளாக்கரம்மா வாசலுக்கு வெளியே நின்றார். இந்தத் தடவை அவரை நான் உள்ளே கூப்பிடவில்லை.