முதலில் அணையும் அறை

1996 ஜூன்: சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மின்சாரத்தைக் கண்காணிக்க, கம்பியில்லாமல் இயங்கும் கருவி ஒன்றை என் மகன் தானே செய்து பொருத்தினான்.
1996 டிசம்பர்: சூலூருக்கு அருகே சாலை விபத்தில் அவன் இறந்தான்.
1997 அக்டோபர்: ஆயுத பூஜை. கருவி துடைக்கப்பட்டது.
1997 டிசம்பர்: கருவி நின்றது.
1998 ஜனவரி: அவனுடைய நண்பர் புதிதாக எழுதிய புரோகிராமுடன் கருவி மீண்டும் இயங்கியது.

கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வரிசைப்படுத்தாமல் எதையும் தொடங்கிப் பழக்கமில்லை.

எங்கள் வீடு தெருவின் கோடியில், மின்கம்பத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தது. மாலையில் தெருவெங்கும் விளக்கேற்றியதும் எங்களுக்கு வோல்டேஜ் இறங்கிவிடும். குழல்விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த நாளைக்கு மாவரைக்கும் நேரமும் அதுவே. என் மனைவியின் கிரைண்டர் முனகிக்கொண்டு நின்றுபோகும். அதன் மோட்டார் காயில் இரண்டாம் முறை கருகியபோது மகன் தலையிட்டான். பீளமேட்டில் மோட்டார்களுக்கு எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் ஒரு சிறு பட்டறையில் அவனுக்கு வேலை. எல்லா அறைகளிலிருந்தும் முன்வாசலுக்குக் கம்பி இழுக்கவேண்டும் என்று முதலில் சொன்னான்.

“வெள்ளையடிச்ச செவுத்தைக் கொத்துனீன்னா உனக்குச் சோறு கெடையாது கண்ணு” என்றாள் அவன் அம்மா.

அதனால்தான் அது கம்பியில்லாக் கருவி ஆயிற்று. ஒவ்வொரு அறையின் சுவிட்ச் போர்டுக்குள்ளும் தீப்பெட்டி அளவில், பேட்டரியில் ஓடும் ஒரு சென்சார். அந்த அறை எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து, முன்வாசலில் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிக்கு ரேடியோ வழியாக அது சொல்லும். வோல்டேஜ் இறங்கினால் பெட்டி சற்றுப் பொறுத்துப் பார்க்கும். ஏறவில்லையென்றால், கிரைண்டருக்குப் போதிய மின்சாரம் மிஞ்சும்வரை ஒவ்வோர் அறையாக இணைப்பைத் துண்டிக்கும். துண்டிக்கும்போது பெட்டிக்குள் இருக்கும் ரிலே சுவிட்ச் ‘டக்’கென்று ஒலிக்கும்.

பக்கத்து வீட்டம்மாள் மதில் மேலாக வழக்குரைத்தார். “ஏந் தம்பி, உங்க பொட்டி பேசறப்பெல்லாம் எங்க டீவில கோடு கோடா உளுகுது. நாடகத்துல அவ அழுவறாளா சிரிக்கறாளான்னே தெரியறதில்லை.”

“அழுவறாங்கக்கா. என்னைக்கு அவ சிரிச்சா?”

அடுத்த வாரமே ஏதோ மாற்றம் செய்து அந்தக் கோடுகளை நிறுத்திக் கொடுத்தான்.

எந்த வரிசையில் துண்டிக்கும் என்று அவனிடம் கேட்டேன்.

“மொதல்ல என்ற ரூமுங்க. அப்பறம் உங்க டேபிள் லைட்டு. அப்பறம் ஹாலு, ஹீட்டரு. அடுப்படியைத் தொடவே தொடாதுங்கப்பா.”

“என்னுடையது ஏன் இரண்டாவது?”

“நீங்க புரொபசருங்க. இருட்டுலயும் கணக்குப் போடுவீங்க.”

அவன் இறந்த பிறகு அந்த அறையில் மின்விசிறி சுழலவில்லை, விளக்கும் எரியவில்லை. பெட்டிக்கு அந்த வேறுபாடு கிடையாது. மாலையில் வோல்டேஜ் இறங்கும். பெட்டி பொறுத்துப் பார்க்கும். பிறகு முதலில் அவனுடைய அறையைத் துண்டிக்கும். அடுப்படியில் மாவைத் தள்ளிக்கொண்டிருக்கும் என் மனைவியின் கை அந்த ஒலிக்காக ஒரு கணம் நிற்கும். “அமத்திப்போட்டான்” என்பாள். பிறகு கை தொடரும். அங்கே அணைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்கும் தெரியும். அவனைப் பற்றி நாங்கள் வேறு பேச்சுப் பேசியதில்லை. ஒரு நாளைக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் துடைக்கப்படாத கருவி இராது. லேத்தும் தறியும் மிதிவண்டியும் அரிவாள்மனையும் அன்று கழுவப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறும். முந்தைய ஆண்டு அந்தப் பெட்டியை மகனே துடைத்திருந்தான். இந்த ஆண்டு அவள் மெயினை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, மெல்லிய துணியால் ஒவ்வொரு பாகமாகத் துடைத்தாள். நடுவில் பெரிதாக இருந்த ஐ.சி. சில்லின் முதுகில் கறுப்பு நாடாத் துண்டு ஒன்று ஓரம் சுருண்டு அழுக்கேறி ஒட்டியிருந்தது. அதை உரித்தெடுத்தாள். கீழே சிறு கண்ணாடிச் சாளரம் பளிச்சென்று தெரிந்தது. பெட்டியின் விளிம்பில் பொட்டு வைத்தாள். உள்ளே வெக்கையாக இருக்கிறது, காற்றாடட்டும் என்று மூடியைப் போடாமலே விட்டாள். கிழக்குப் பார்த்த வாசல் எங்களுடையது. நாள்தோறும் காலை வெயில் நேராக அந்தப் பெட்டிக்குள் விழுந்தது. நானும் அதைக் கடந்துதான் செய்தித்தாள் எடுக்கப் போவேன், அழகாகக்கூட இருந்தது.

மார்கழியில் ஒரு மாலை வோல்டேஜ் இறங்கியது. ஒலி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

மகனோடு பட்டறையில் வேலை பார்த்த நண்பரை வரவழைத்தோம். எட்டிப் பார்த்தவுடனே அவர் கேட்டார்.

“சார், இந்த டேப்பை யாருங்க உரிச்சது?”

காபி கொண்டுவந்த என் மனைவி வாசற்படியில் நின்றாள். “நாந்தானுங்க கண்ணு. பூசைக்குத் தொடைச்சேன். அழுக்கா இருந்துச்சு.”

அவர் காபியை வாங்கிக்கொண்டார். அவள் விடவில்லை.

“ஏனுங் கண்ணு, வெயில் பட்டா அது கெட்டுப் போயிருங்களா?”

“அதெல்லாம் இல்லீங்கம்மா. பழசானா தானாவே போயிருமுங்க. பவர் ஏறி எறங்குனாலும் போயிரும்.”

“ஒண்ணரை வருசத்துல பழசாயிருங்களா?”

அவர் காபியைக் குடித்தார்.

ஐ.சி.யைப் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் தனியாகச் சொன்னார். அந்தச் சாளரத்தின் வழியே புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதிய புரோகிராம் அழியும். வேண்டும்போது அழித்து எழுதுவதற்கென்றே வைத்த சாளரம் அது. வெயிலிலும் அந்த ஒளி உண்டு. இப்போது உள்ளே ஒன்றுமில்லை. வேறு பிரதி இருக்கிறதா என்று பட்டறைக் கம்ப்யூட்டரில் தேடியதாகவும், கிடைக்கவில்லை என்றும் சொன்னார்.

“வரிசையைச் சொல்லுங்க சார். நான் புதுசா எழுதித் தாரேன். அதே மாதிரி வேலை செய்யும்.”

அதே மாதிரி வேலை செய்யவேண்டும். வேறெதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. தன் கையால் தன் மகனைத் துடைத்தெடுத்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. கிரைண்டரை மாலையில் போடுவதை நிறுத்திவிட்டு, வெயிலேறிய பின் பகலில் மாவரைக்கத் தொடங்கினாள். பழைய ஒலி திரும்பினால், ஒரு பழுது ஏற்பட்டது, சரிசெய்யப்பட்டது என்ற அளவில் அது முடிந்துவிடும் என்று கருதினேன்.

பொங்கல் கழிந்து நண்பர் வந்தார். நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். கிரைண்டர் ஓடியது. விளக்குகள் மங்கின. டக். அவனுடைய அறை. பிறகு என் மேசை விளக்கு அணைந்தது.

“ரொம்பச் சந்தோசமுங்க கண்ணு” என்றாள் என் மனைவி. அவருக்கு இலை போட்டுச் சோறு போட்டாள். கேட் வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

“இத்தனை சீக்கிரம் அமத்தமாட்டானுங்க அவன். கொஞ்சம் பார்ப்பான்.”

வரிசையைச் சொன்ன நான், பொறுத்திருக்கும் நேரத்தைச் சொல்ல மறந்திருந்தேன். அதை நான் அளந்ததே இல்லை. நல்லவேளையாக, அந்த நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் நண்பர் ஒரு சிறு திருகு வைத்திருந்தார். மறுநாள் மாலை முதல் நான் திருப்புளியோடு பெட்டியருகே நின்றேன். அவள் அடுப்படியில் நின்றாள்.

டக்கென்றதும், “இப்பவா?” என்று கேட்டேன்.

“இன்னுங் கொஞ்சம்.”

மறுநாள் கூட்டி வைத்தேன். “இது ரொம்ப நேரமுங்க. அதுக்குள்ள கிரைண்டர் நின்னே போயிரும்” என்றாள். குறைத்தேன். சரி என்றாள். திருகைத் தொடாமல் அடுத்த மாலை காத்திருந்தேன்; சரியில்லை என்றாள். நேற்று இதே நிலையில்தான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. வேறொரு நிலையில் வைத்தேன். அதையும் ஒரு நாள் ஏற்றாள், ஒரு நாள் மறுத்தாள். அவள் சொன்ன விடைகளைத் தலைக்குள் அடுக்கிப் பார்த்தேன். அவை எதை நோக்கியும் நெருங்கவில்லை.

ஒரு மாலை, நான் கேட்பதற்கு முன்பே அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“விட்டுருங்க. எனக்கு மறந்துபோச்சுங்க. இனி எப்படி வெச்சாலும் எனக்குத் தெரியாது.”

திருப்புளியை வைத்துவிட்டேன். இப்போதும் மாலையில் வோல்டேஜ் இறங்குகிறது. பெட்டி ஒலிக்கிறது. அவள் கை நிற்பதில்லை.

செய்யப்படாமல் இருப்பவை:

பட்டறையிலிருந்து பழைய ஐ.சி.யைத் திரும்பப் பெறுதல்.

அவனுடைய அறையிலுள்ள சென்சாருக்குப் பேட்டரி மாற்றுதல்.

திருகை ஏதேனும் ஒரு நிலையில் வைத்து, அசையாதபடி ஒட்டிவிடுதல்.

அழிந்தது அவளால் அல்ல என்று, அவள் நம்பும்படி சொல்லுதல்.